மஸ்கி மீனுக்கு ராட் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மஸ்கிக்கு ராட் (தூண்டில் கழி) வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "நாற்பது பவுண்டு மீன் மாட்டினால் இது தாங்குமா?" தாங்கும். மஸ்கிக்கென்றே செய்து விற்கும் ராட் எதுவானாலும் ஒழுங்காகப் பிடித்தால் தாங்கும். மீன் தூண்டிலில் இருக்கும் நேரம் சில நிமிடம். மீதி நாள் முழுக்க அந்த ராட் சுமப்பது லூரை, அதாவது லைன் முனையில் கட்டும் செயற்கை இரையைத்தான். விடியற்காலையில் வீச ஆரம்பித்தால் பொழுது சாய்வதற்குள் பல நூறு முறை வீசி இழுத்திருப்பீர்கள். அதனால் கணக்கு லூரிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் லூர், அதற்கேற்ற பலம், அப்புறம் படகோரத்தில் செய்யும் வேலைக்கேற்ற நீளம், பிறகு உங்கள் உடம்புக்கேற்ற கைப்பிடி. இந்த வரிசையில் போனால் ஏமாற மாட்டீர்கள்.

மஸ்கியைப் பற்றிச் சுருக்கமாக. முழுப் பெயர் மஸ்கெலஞ்ச். பைக் இனத்தில் மிகப் பெரியது இதுதான், வட அமெரிக்க நன்னீரில் மட்டும் வாழ்வது. விஸ்கான்சின், மினசோட்டா, மிச்சிகன், நியூயார்க், கனடாவில் ஒன்டாரியோ, கியூபெக் ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். விஸ்கான்சின் 1955இல் இதைத் தன் மாநில மீனாகவே அறிவித்தது. டொரான்டோ, ஸ்கார்பரோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குப் பக்கத்திலேயே கவார்த்தா ஏரிகள் இருக்கின்றன. ஸ்கூகாக், பிஜன், பக்ஹார்ன், ஸ்டர்ஜன், பால்சம் என்று எதில் வேண்டுமானாலும் மஸ்கி உண்டு. "பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்" என்று அங்கே சொல்வார்கள். பழகியவருக்கு அவ்வளவு ஆகாதுதான், ஆனாலும் நிறைய வீச வேண்டிய மீன் என்பதில் சந்தேகமில்லை.

முதல் படி: எங்கே போகிறீர்கள், எதை வீசப் போகிறீர்கள்

ராட் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, அடுத்த ஒரு வருடத்தில் நீங்கள் உண்மையில் வீசப் போகும் லூர்களை எழுதுங்கள். கையில் ஒன்றுமே இல்லையென்றால், போகப் போகும் ஏரியில் மற்றவர்கள் எதை வீசுகிறார்கள் என்று பாருங்கள்.

கவார்த்தா ஏரிகள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை, பாசியும் கொடியும் நிறைந்தவை. அங்கே மீன்கள் எண்ணிக்கையில் அதிகம், ஆனால் சராசரி நீளம் குறைவு. நடுத்தர அளவு லூரே அங்கே நன்றாக வேலை செய்யும். ஜார்ஜியன் பே, ஒட்டாவா ஆறு, செயின்ட் லாரன்ஸ் ஆறு, மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி, விஸ்கான்சினின் கிரீன் பே போன்ற பெருநீர்களில் ஐம்பது அங்குலத்தைத் தாண்டிய மீன்கள் உண்டு. அங்கே போகிறவர்கள் பெரிய ரப்பர் லூர்களையும் அகலமான பிளேடு (தகடு) சுழலும் லூர்களையும் எடுத்துப் போகிறார்கள். செயின்ட் கிளேர் ஏரியில் படகை மெல்ல ஓட்டியபடி லூரை இழுத்துப் போகும் டிரோலிங்தான் பலருக்கும் வழக்கம். அதற்கான ராட் வேறு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

மஸ்கி லூர்களை மூன்று நான்கு கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதலாவது பக்டெய்ல். கம்பியில் ஒன்றோ இரண்டோ பிளேடு சுழலும், பின்னால் முடியோ மினுமினுப்பு இழையோ இருக்கும். வீசு, சீராகச் சுற்று, அவ்வளவுதான். புதியவர்கள் தொடங்க இதைவிட நல்ல லூர் கிடையாது. எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர் பிளேடு இரண்டு பூட்டியவை அதிகம் விற்பவை. டபுள் கவ்கர்ல் மாதிரி பத்தாம் நம்பர் ஜோடி மூன்று அவுன்ஸ் பக்கம் இருக்கும்.

இரண்டாவது ரப்பர். இதில் புல்டாக் என்ற லூர்தான் எல்லோருக்கும் அளவுகோல். சாதாரணப் புல்டாக் ஏறக்குறைய நான்கு அவுன்ஸ். மேக்னம் அதைப்போல இரண்டு மடங்கு. பவுண்டர் என்பது பெயருக்கேற்றபடி ஒரு பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட நானூற்றைம்பது கிராம்.

மூன்றாவது, கையால் வெட்டி வெட்டி இழுக்கும் மரத்தாலான, பிளாஸ்டிக்காலான ஜெர்க்பெய்ட். மேலும் கீழும் முங்கி எழும் சுயிக் ஒரு வகை, இடமும் வலமும் வழுக்கிப் போகும் கிளைடு பெய்ட் இன்னொரு வகை. இவை தவிர நீர்ப்பரப்பில் சத்தம் போட்டு வரும் டாப்வாட்டர், ஆழத்தில் முங்கும் கிராங்க்பெய்ட்.

எழுதிய பட்டியலில் எடை எங்கே குவிகிறது என்று பாருங்கள். முக்கால்வாசி இரண்டிலிருந்து ஐந்து அவுன்ஸுக்குள் இருந்தால் உங்களுக்கு வேண்டியது ஒரு விதம். எட்டு அவுன்ஸும் அதற்கு மேலும் அடிக்கடி வந்தால் வேறு விதம். ஆசைக்கு ஒரே ஒரு பவுண்டர் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்பதற்காக ராடையே அதற்கு வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: பலம். பெயரைப் பார்க்காதீர்கள், அவுன்ஸைப் பாருங்கள்

ராடின் தண்டில், கைப்பிடிக்குச் சற்று மேலே, சின்ன எழுத்தில் நான்கு விவரங்கள் இருக்கும்: நீளம், பவர், லைன் (தூண்டில் நூல்) எத்தனை பவுண்டு, லூர் எத்தனை அவுன்ஸ். பவர் என்றால் ராட் எவ்வளவு சுமைக்கு வளையும் என்பது. மீடியம் ஹெவி, ஹெவி, எக்ஸ்ட்ரா ஹெவி, அதற்கும் மேலே டபுள் எக்ஸ் என்று எழுதியிருக்கும். இந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஹெவி இன்னொரு நிறுவனத்தின் எக்ஸ்ட்ரா ஹெவி. பாஸ் மீனுக்கான ராடில் எழுதியிருக்கும் ஹெவி, மஸ்கி ராடின் ஹெவிக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் அவுன்ஸ் எண்ணை மட்டும் நம்புங்கள்.

தோராயமாக, மீடியம் ஹெவி ஒன்றிலிருந்து நான்கு அவுன்ஸ், ஹெவி இரண்டு மூன்றிலிருந்து ஆறு எட்டு அவுன்ஸ், எக்ஸ்ட்ரா ஹெவி நான்கிலிருந்து பத்து பன்னிரண்டு அவுன்ஸ். ஒரு பவுண்டு லூருக்கு அதற்கும் மேலே.

எழுதியிருக்கும் எல்லையின் இரு ஓரங்களிலும் ராட் சுகமாக வேலை செய்யாது. மூன்றிலிருந்து எட்டு என்று இருந்தால் நான்கு, ஐந்து, ஆறு அவுன்ஸில் அது அருமையாக வீசும். மூன்றில் ராட் சரியாக வளையாததால் கைதான் வேலை செய்ய வேண்டியிருக்கும். எட்டில் நுனி தொய்ந்துபோய் வீச்சு கனக்கும். உங்கள் பட்டியலில் எடை குவியும் இடம் ராடின் நடு எல்லையில் விழ வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காத விஷயம். லூரின் எடை வேறு, தண்ணீரில் அது இழுக்கும் இழுவை வேறு. மூன்று அவுன்ஸ் பக்டெய்லில் பத்தாம் நம்பர் பிளேடு இரண்டு சுழலும்போது அது கொடுக்கும் எதிர்ப்பு, அதே எடையுள்ள கிளைடு பெய்ட்டைவிடப் பல மடங்கு. மீடியம் ஹெவியால் அதை வீசிவிடலாம், ஆனால் சுற்ற ஆரம்பித்ததும் ராட் பாதி வளைந்து நிற்கும். ஏற்கெனவே வளைந்திருக்கும் ராடில் மீன் அடித்தால், தூண்டில் முள்ளை அதன் வாயில் ஏற்ற மிச்சமிருக்கும் வலு குறைவு. ஆழத்தில் முங்கும் பெரிய கிராங்க்பெய்ட்டும் இப்படித்தான். பெரிய பிளேடு வீசுகிறவர்கள் எடை சொல்வதைவிட ஒரு படி மேலே போக வேண்டும்.

இந்த அளவு கனமான சாமான் தேவையா என்று பாஸ், வால்ஐ பிடித்துப் பழகியவர்கள் கேட்பதுண்டு. லேசான ராடிலும் மஸ்கியைக் கரை சேர்க்கலாம்தான். ஆனால் அரை மணி நேரம் போராடவிட்டுக் களைத்துப்போன மீனைத் தண்ணீரில் விட்டால் அது நீந்திப் போவதுபோல் தெரியும், பிறகு செத்துவிடும். மஸ்கி மெதுவாக வளரும் மீன். ஐம்பது அங்குலத்தை எட்டப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேலேயும் ஆகலாம். இதைப் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் அளந்து, படம் எடுத்து, விட்டுவிடுவார்கள். ஒன்டாரியோவில் கன்சர்வேஷன் லைசன்ஸ் வைத்திருப்பவர் மஸ்கியை வைத்துக்கொள்ளவே கூடாது. மீனைச் சீக்கிரம் வலைக்குள் கொண்டுவந்து சீக்கிரம் விடுவதற்காகத்தான் இந்தக் கனம். தண்ணீரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸை நெருங்கினால் எந்த ராடும் உதவாது. அந்த நாட்களில் மஸ்கியை விட்டுவிட்டு வேறு மீனுக்குப் போங்கள்.

மூன்றாம் படி: நீளம்

இங்கேதான் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். என் கருத்து தெளிவானது. நின்றுகொண்டு படகிலிருந்து வீசுகிறவருக்கு எட்டரை அடி. கொஞ்சம் உயரமானவர், பெரிய படகு என்றால் ஒன்பது. ஏழடி ராடை மஸ்கிக்கு முதல் ராடாக வாங்காதீர்கள், யார் சொன்னாலும்.

காரணம் படகோரத்தில் இருக்கிறது. மஸ்கி லூரின் பின்னாலேயே படகுவரை வரும். வாயைத் திறக்காது, வெறுமனே பின்தொடரும். லூரைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டால் கதை முடிந்தது. தூக்காமல், ராடின் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, லூரை அகலமாகச் சுற்றி எட்டு போட வேண்டும். லீடர் (லூருக்கு முன்னால் லைனில் கட்டும் பல் அறுக்காத துண்டு) நுனிக்கு ஒரு அடி தூரத்தில் வந்ததும் சுற்றுவதை நிறுத்தி, வேகம் குறையாமல் அப்படியே முதல் வளைவுக்குள் போக வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்தில் லூர் சற்று மேலே எழும்போதுதான் நிறைய மீன்கள் பாயும். கலங்கலான தண்ணீரில் பின்னால் மீன் வருவது கண்ணுக்கே தெரியாது. அதனால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் எட்டு போடுவதுதான் முறை.

நாலடி நீளமுள்ள மீன் குறுகலான வளைவில் திரும்பாது. வளைவு அகலமாக இருந்தால்தான் லூரின் மேல் கண் வைத்தபடி அதனால் சுற்றி வர முடியும். ஏழடி ராடால் போடும் எட்டும் ஒன்பதடி ராடால் போடும் எட்டும் ஒன்றல்ல. நுனி படகிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறது, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதெல்லாம் நீளத்தைப் பொறுத்தது. படகின் பக்கச் சுவர் உயரமாக இருந்தால் நீளத்தில் ஒரு பங்கு தண்ணீரைத் தொடுவதற்கே போய்விடும். கயாக்கில் உட்கார்ந்து பிடிக்கிறவர்களுக்கு நேர்மாறான சிக்கல். அவர்கள் தண்ணீருக்கு மிக அருகில் இருந்தாலும் கயாக்கின் மூக்கைச் சுற்றி லூரைக் கொண்டுபோக நீளம் வேண்டும். உட்கார்ந்தே ஒன்பதடியை வீசுவது கஷ்டம் என்பதால் எட்டடி அங்கே நல்ல சமரசம்.

நீளமான ராட் தூரமாகவும் வீசும். முள்ளை ஏற்றும்போது ஒரே அசைவில் அதிக லைனை இழுத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் விலையும் உண்டு. நீளம் கூடக் கூட மீன் உங்கள் கைக்கு எதிராக நெம்புகோல் போடும், மணிக்கட்டில் சுமை ஏறும். ஒன்பதரை, பத்தடி ராடை நாள் முழுக்க வீச எல்லாருக்கும் தோள் இடம் கொடுக்காது. தோள்பட்டையில் பழைய வலி இருப்பவர்கள், உயரம் குறைந்தவர்கள், பதின்ம வயதுப் பிள்ளைகள் எட்டடியில் தொடங்குங்கள். எட்டு போடும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் குனிந்தால் அந்தக் குறை பெரும்பாலும் சரியாகிவிடும்.

முன்பு இப்படி இல்லை. ஒரு காலத்தில் மஸ்கி ராட் என்றால் ஆறடி, உலக்கை மாதிரி விறைப்பு. அப்போது லைன் டேக்ரான், கொஞ்சம் நீளும் தன்மை கொண்டது. லூர் கனமான மரக்கட்டை. நீளும் லைனின் மறுமுனையில் முள்ளை அழுத்தி ஏற்ற விறைப்பான ராட் தேவைப்பட்டது. 1990களில் நீளவே நீளாத, இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு லைன் பரவியதும் அந்தத் தேவை போய்விட்டது. விறைத்த ராடும் விறைத்த லைனும் சேர்ந்தால் முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் ராட் நீண்டது, நுனி இளகியது. பழைய சாமான் விற்கும் இடத்தில் மலிவாகக் கிடைக்கும் ஆறடி மஸ்கி ராடைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் இன்னும் ஒன்று: அது எங்கே பயணம் செய்யும்? ஒன்பதடி ஒற்றைத் துண்டு ராட் சாதாரணக் காருக்குள் போகாது, அடுக்குமாடி லிஃப்டுக்குள்ளும் போகாது. பல படகுகளின் ராட் பெட்டி எட்டடியோடு நின்றுவிடும். இதற்காகவே கைப்பிடிக்குள் தண்டு சறுக்கி உள்ளே போகும் டெலஸ்கோபிக் வகை இருக்கிறது. ஒரு அடி வரை குறையும், பலத்தில் குறை வராது. ஒவ்வொரு முறையும் வெளியே இழுத்தபின் லைன் போகும் வளையங்கள் ரீலோடு (லைன் சுற்றும் கருவி) நேர்கோட்டில் இருக்கின்றனவா, பூட்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். சொந்தப் படகு இல்லாமல் நண்பர் காரில் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நான்காம் படி: எங்கே வளைகிறது

பவர் என்பது எவ்வளவு வளையும் என்பது. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளையும் என்பது. நுனிப்பக்கம் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட். பாதிவரை இறங்கி வளைந்தால் மாடரேட். இரண்டுக்கும் நடுவில் மாடரேட் ஃபாஸ்ட்.

சீராக இழுக்கும் பக்டெய்லுக்கும் கிராங்க்பெய்ட்டுக்கும் மாடரேட் ஃபாஸ்ட் நல்லது. மீன் அடிக்கும் அதிர்ச்சியை ராட் உள்வாங்கிக்கொள்ளும், மீன் தலையை உதறும்போதும் லைன் தொய்யாமல் பார்த்துக்கொள்ளும். மஸ்கி நீரைவிட்டு எழும்பித் தலையை இடமும் வலமும் உதறும் அந்த ஓரிரு நொடியில்தான் நிறையப் பேர் மீனை இழக்கிறார்கள். இளகிய ராட் அங்கே காப்பாற்றும்.

ஜெர்க்பெய்ட்டுக்கு ஃபாஸ்ட். கையின் ஒவ்வொரு தட்டும் உடனே லூருக்குப் போய்ச் சேர வேண்டும். இளகிய ராடில் தட்டினால் ராட்தான் ஆடும், லூர் அசையாது. கிளைடு பெய்ட்டுக்கு ஏழரை, எட்டடி மீடியம் ஹெவி ஃபாஸ்ட் கச்சிதம். நுனியைக் கீழ்நோக்கித் தட்டும்போது அது தண்ணீரில் அடிக்காமலிருக்க நீளம் சற்றுக் குறைவாக இருப்பதே வசதி.

ரப்பருக்குக் கொஞ்சம் வேறு மாதிரி வேண்டும். அடித்தண்டு கெட்டியாக இருந்து எட்டு அவுன்ஸை இழுத்து இழுத்து நிறுத்த வேண்டும். வீசும்போது நுனி மெல்ல வளைந்து சுமையை ஏற்றிக்கொள்ள வேண்டும். கனமான ரப்பரை வெடுக்கென்று வீசக் கூடாது. பின்னால் கொண்டுபோய், ராட் வளைவதை உணர்ந்து, பெரிய வட்டமாக முன்னால் தள்ள வேண்டும். வெடுக்கென்று வீசி ரீலில் சிக்கல் விழுந்தால் லூர் அறுத்துக்கொண்டு போகும், சில சமயம் ராடே முறியும்.

ஐந்தாம் படி: கைப்பிடியும் எடைச் சமநிலையும்

மஸ்கி ராடை இரண்டு கையாலும் வீசுவார்கள். ரீலுக்குப் பின்னால் உள்ள கைப்பிடி நீளமாக இருக்க வேண்டும். ரீலைப் பிடித்தபடி ராடை முன்கையோடு சேர்த்து வையுங்கள். கைப்பிடியின் அடி முழங்கையைத் தாண்டிச் சில அங்குலம் போனால் சரியான அளவு. மீன் இழுக்கும்போது அதை அக்குளிலோ இடுப்பிலோ அணைத்துக்கொள்ளலாம். இதைவிட நீளமானால் ஜெர்க்பெய்ட் தட்டும்போது வயிற்றிலும் ஜாக்கெட்டிலும் இடிக்கும். ரீலுக்கு முன்னாலும் ஒரு கைப்பிடி இருக்கட்டும். பெரிய பிளேடை இழுக்கும்போது இடது கை அங்கேதான் போகும்.

கார்க்கா, நுரையா என்பது விருப்பம். குளிர்காலத்தில் கார்க் கைக்குக் கதகதப்பு. ஈரத்தில் நுரை வழுக்காது, மலிவும்கூட. எதுவானாலும் இடைவெளி, வெடிப்பு இல்லாமல் இருக்க வேண்டும்.

ராடின் மொத்த எடையைவிட முக்கியம், எடை எங்கே குவிகிறது என்பது. நுனி கனமான ராட் கடையில் தெரியாது, மதியத்துக்குமேல் மணிக்கட்டில் தெரியும். ரீலைப் பூட்டிவிட்டு, ரீலுக்குச் சற்று முன்னால் இரண்டு விரல் மேல் வைத்துப் பாருங்கள். நுனி சரேலென்று கீழே விழக் கூடாது. நீளமான ராட் முற்றிலும் சமமாக நிற்காது, ஆனால் இரண்டு ராடை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கைக்கே புரியும்.

ஆறாம் படி: தண்டு, வளையம், ரீல் இருக்கை

இன்றைய வீச்சு ராடுகள் பெரும்பாலும் கிராஃபைட் என்கிற கார்பன் இழை. லேசானது, தண்ணீருக்குள் நடப்பதைக் கைக்குச் சொல்லும். ஒரு குறை: அடிபட்டால் பிடிக்காது. படகின் விளிம்பில் ஒரு முறை பலமாக மோதிய தண்டு வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கும், ஒரு வாரம் கழித்து வீசும்போது அதே இடத்தில் முறியும். பெரிய லூரைத் தொங்கவிட்டபடி ராடை எடுத்துப் போகாதீர்கள், தண்டில் தட்டிக்கொண்டே வரும். லூருக்கு உறை போடுங்கள். மின்னல் வந்தால் கார்பன் ராடைக் கையில் வைத்திருக்கவே கூடாது, அது மின்சாரத்தைக் கடத்தும்.

கண்ணாடி இழை கனமானது, மெதுவாக வளையும், அடி தாங்கும். அதனால்தான் டிரோலிங்குக்கு ஏற்றது. இரண்டும் கலந்த தண்டும் உண்டு. பக்டெய்லுக்கு அது மோசமில்லை.

வளையங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தண்டை வளைத்துப் பார்க்கும்போது லைன் தண்டில் உரசாமல் வளைவோடு போக வேண்டும். எட்டரை அடியில் ஒன்பது பத்து வளையமாவது இருக்கும். உள்ளே பதித்த பீங்கான் வளையம் மென்மையாக, அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் பஞ்சை உள்ளே விட்டுச் சுற்றினால் வெடிப்பு இருக்கும் இடத்தில் இழை மாட்டும். அந்த வெடிப்பு எண்பது பவுண்டு பிரெய்டையும் அறுத்துவிடும். அதிகம் அடி வாங்குவது நுனி வளையம். எட்டு போடும் அவசரத்தில் லீடரின் இரும்பை நுனிவரை சுற்றி இழுத்துவிட்டால் அதுதான் உடையும்.

ரீல் இருக்கை கெட்டியாக இருக்க வேண்டும், விரல் மாட்டும் கொக்கி கைக்குப் பொருந்த வேண்டும். உங்கள் ரீலின் அடிப்பாகம் அதில் ஆட்டமில்லாமல் உட்காருகிறதா என்று பூட்டியே பாருங்கள்.

ஏழாம் படி: ரீல், லைன், லீடர்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 300 அல்லது 400 அளவு லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) ரீல் எட்டரை அடி ஹெவி ராடுக்குப் பொருந்தும். ஷிமானோ டிராங்ஸ், டைவா லெக்சா இரண்டையும் ஏரிகளில் அடிக்கடி பார்க்கலாம். பெரிய பிளேடு இழுக்க ஐந்தை ஒட்டிய கியர் விகிதம் கைக்குச் சுகம். கிளைடு பெய்ட், டாப்வாட்டர் எல்லாம் வேகமான ரீலில் நன்றாக வரும். லைன் எண்பது பவுண்டு பிரெய்டு, கனமான ரப்பருக்கு நூறு. மஸ்கியின் பல் எந்த லைனையும் அறுக்கும், அதனால் நூறு பவுண்டுக்கு மேற்பட்ட ஃபுளோரோகார்பன் லீடர் அல்லது இரும்புக் கம்பி லீடர் கட்டாயம்.

எட்டாம் படி: கடையில் நின்று பார்ப்பது

முடிந்தவரை நேரில் போய் வாங்குங்கள். இணையத்தில் ஒன்பதடி ராட் வாங்கினால் அனுப்பும் கட்டணமே தனியாகக் கனக்கும், வழியில் முறியும் அபாயமும் உண்டு. சொந்த ரீலைக் கையில் எடுத்துப் போங்கள். பூட்டிக்கொண்டு, வீசும் நிலையில் நின்று, ஐந்து பத்து நிமிடம் பிடித்திருங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார், மஸ்கி சாமான் விற்கிறவர்களுக்கு இது பழக்கம்.

நுனியைப் படபடவென்று ஆட்டிவிட்டு நிறுத்துங்கள். சீக்கிரம் நின்றால் நல்ல தண்டு. ஆடிக்கொண்டே இருந்தால் வீச்சும் அப்படித்தான் தள்ளாடும். அப்புறம் கூட வந்தவரிடம் நுனியை மெல்லப் பிடிக்கச் சொல்லி, ராடைத் தரைக்கு இணையாக வைத்து நிதானமாகப் பக்கவாட்டில் இழுங்கள். வளைவு ஒரே சீராக இறங்க வேண்டும், ஒரு இடத்தில் மட்டும் மடியக் கூடாது. ராடைச் செங்குத்தாக நிறுத்தி நுனியைக் கீழே வளைக்காதீர்கள். ஏரியில் ராட் முறிவதும் பெரும்பாலும் அப்படித்தான், மீன் வலைக்கு அருகில் வந்ததும் பதற்றத்தில் ராடை வானத்தைப் பார்த்துத் தூக்கும்போது.

விலையைப் பொறுத்தவரை, நூறு நூற்றைம்பது அமெரிக்க டாலருக்கு வேலைக்கு ஆகும் ராட் கிடைக்கிறது. ஒகுமா போன்றவற்றை அந்த விலையில் பார்க்கலாம். இருநூறு இருநூற்றைம்பதில் எடை குறைந்து, சமநிலை கூடிய ராட் வரும். விஸ்கான்சினின் பார்க் ஃபால்ஸ் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த செயின்ட் க்ரோயின் மோஜோ மஸ்கி வரிசை இந்த இடத்தில் பலருக்கும் பிடித்தது. முந்நூற்றைம்பதுக்கு மேலே போனால் கிடைப்பது முக்கியமாக இன்னும் குறைந்த எடை. அந்தப் பணத்தை முதல் வருடத்தில் நல்ல பெரிய வலை, நீண்ட இடுக்கி, முள்ளை வெட்டும் கட்டர் மூன்றிலும் போடுவது மீனுக்கும் உங்கள் விரலுக்கும் நல்லது. உத்தரவாதம் எத்தனை வருடம், முறிந்தால் அனுப்பும் செலவு யாருடையது என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு ராட்தான் என்றால்

எட்டரை அடி, ஹெவி, மாடரேட் ஃபாஸ்ட், மூன்றிலிருந்து எட்டு அவுன்ஸ். எட்டாம், பத்தாம் நம்பர் பக்டெய்ல், சாதாரணப் புல்டாக், டாப்வாட்டர், பெரும்பாலான கிராங்க்பெய்ட் எல்லாம் இதில் போகும். கிளைடு பெய்ட்டும் ஒப்பேற்றலாம். கவார்த்தாவில் மட்டும் பிடிப்பவர்கள் இரண்டிலிருந்து ஆறு அவுன்ஸ் பக்கம் இறங்கினால் இன்னும் சுகமாக இருக்கும்.

இரண்டாவது ராடை ஒரு பருவம் கழித்து வாங்குங்கள். அதற்குள் எந்த லூரை ஆசையோடு எடுக்கிறீர்கள், எதை ராட் பிடிக்காமல் பெட்டியிலேயே விடுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். ரப்பர் என்றால் ஒன்பதடி எக்ஸ்ட்ரா ஹெவி. கிளைடு பெய்ட் என்றால் ஏழரை எட்டடி மீடியம் ஹெவி ஃபாஸ்ட்.

டிரோலிங் செய்யப் போகிறீர்கள் என்றால் வீசும் ராடை ராட் ஹோல்டரில் குத்தி மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள். எட்டு ஒன்பதடியில் கண்ணாடி இழையோ கலப்போ உள்ள மாடரேட் ராடும் லைன் அளவு காட்டும் ரீலும் தனியாக வையுங்கள். நீளம் குறைந்த ஒன்றும் கூட இருந்தால், நீளமான ராடின் லைனைப் படகிலிருந்து தள்ளியும் குட்டையின் லைனைப் படகின் பின்னோட்டத்திலும் ஓடவிடலாம், இரண்டும் சிக்கிக்கொள்ளாது. ஒருவர் எத்தனை தூண்டில் போடலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். மினசோட்டாவில் திறந்த நீரில் பொதுவாக ஒருவருக்கு ஒன்றுதான். மஸ்கிக்குப் பருவம் திறக்கும் தேதியும் ஏரிக்கு ஏரி வேறு, அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டே படகை இறக்குங்கள்.

புது ராடோடு முதல் நாள் போகும்போது மீனைத் தேடும் முன் அரை மணி நேரம் ஆழமான இடத்தில் நின்று வீசிப் பழகுங்கள். ரீலின் பிரேக்கைக் கூட்டி வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு லூருக்கும் மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அதே நேரத்தில் எட்டு போட்டும் பாருங்கள், நுனி எவ்வளவு ஆழம் இறங்குகிறது, படகின் மோட்டாரிலோ ஏணியிலோ லூர் மாட்டாமல் எந்தப் பக்கம் திரும்பலாம் என்று. கூட வருபவர் எங்கே நிற்க வேண்டும், வலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.